அடியில் ஒரு கிடார்

ஜனவரி 9

தம்பி,

போன் செய்தால் உன் மூக்குக்கண்ணாடிக் கடையின் மிஷின்தான் என்னோடு பேசுகிறது. நடுவில் நீ, "அக்கா, ஒரு நிமிஷம், கஸ்டமர்" என்கிறாய். அந்த ஒரு நிமிஷம் இதுவரை முடிந்ததே இல்லை. அதனால்தான் ஹாஸ்டல் காலத்து வழக்கப்படி கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

முடிவாகிவிட்டது. ஐந்து ஊர். ஏப்ரலில் கிளம்புகிறேன். ஒரு நூலகத்தின் வாசிப்பு அறை, ஒரு புத்தகக் கடை, பழைய தீயணைப்பு நிலையத்தை மாற்றிக் கட்டிய ஒரு குட்டி அரங்கம், இரண்டு பேருடைய வீட்டுக் கூடங்கள். எதிலும் அறுபது எழுபது நாற்காலிக்கு மேல் கிடையாது. மேனேஜர் இல்லை, கம்பெனி இல்லை. அவர்களுடைய மெயிலை நீ பார்த்துக்கொள்வது தவிர, ரயில் நேரம் பார்ப்பதிலிருந்து போஸ்டரில் எழுத்துப்பிழை பார்ப்பது வரைக்கும் எல்லாம் நானே. இருந்தாலும் கடலுக்கு அந்தப் பக்கம் என் கிடாரைக் கேட்க ஆள் இருக்கிறது என்றால் இன்னும் நம்பிக்கை வரவில்லை. போன வருஷம் இதே மாதம்தான் பல் மருத்துவர்கள் சங்க விருந்தில், அவர்கள் மென்று முடிக்கும் வரைக்கும் ஓரமாக உட்கார்ந்து வாசித்தேன்.

விசாவுக்குப் போயிருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி, குழுவில் எத்தனை பேர் என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். பாடுவது யார் என்றார். யாரும் பாடுவதில்லை என்றேன். "அப்ப கூட யாருமே இல்லையா?" என்று மறுபடி கேட்டார். இல்லை, தனியாகத்தான் வாசிக்கிறேன் என்று கொஞ்சம் நிமிர்ந்தே சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து முத்திரை குத்தினார்.

இதெல்லாம் உன்னால் வந்தது. உன் கடையின் பின் அறையில் போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க என்னை உட்காரவைத்துப் பதிவு செய்தாயே, அந்த ஆல்பத்தை இணையத்தில் கேட்டுத்தான் ஐந்து பேரும் கூப்பிட்டிருக்கிறார்கள். வழக்கம்போல் நான் அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. வாசித்து முடித்ததைத் திரும்பக் கேட்டால் அடுத்த தடவை என்னை நானே காப்பியடிக்க ஆரம்பித்துவிடுவேன் என்ற பயம் உனக்குத் தெரிந்ததுதான். நீ கேட்டாய், சரியாக இருக்கிறது என்றாய். எனக்கு அது போதும்.

எல்லா ஊரிலும் 'மூன்றாம் மாடி'யோடு முடிக்கலாம் என்றிருக்கிறேன். என்ன சொல்கிறாய்?

அக்கா

*

ஜனவரி 20

அக்காவுக்கு,

மிகவும் சந்தோஷம். அம்மாவிடம் சொன்னேன். அவள் தண்ணீர் கேன் போடுகிறவர் வரைக்கும் சொல்லிவிட்டாள். அவர் என்னிடம், "உங்க அக்கா ஃபாரின்ல பாடப் போறாங்களாமே" என்றார். கிடார் என்று திருத்தினேன். அப்போ பாட மாட்டாங்களா என்று ஏமாந்து போனார்.

விமானத்தில் ஏற்றும்போது கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிடு. வலது கை நகங்களை மார்ச்சிலிருந்தே பாத்திரம் தேய்க்காமல் காப்பாற்று. போன தடவை ஒரு குக்கர் மூடியோடு சண்டை போட்டுக் கட்டை விரல் நகத்தைப் பறிகொடுத்தது நினைவிருக்கட்டும்.

'மூன்றாம் மாடி' பற்றிக் கேட்டிருக்கிறாய். அது வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நீளம் அதிகம். முன்பின் தெரியாத சனங்கள், அவ்வளவு நேரம் பொறுமையாக உட்காருவார்களா தெரியாது. புதிதாக ஏதாவது செய்தால் உனக்கும் உற்சாகமாக இருக்கும். பொதுவாகவே ஆல்பத்தில் இருப்பது போலவே வாசிக்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. பதிவு வேறு, கச்சேரி வேறு. யாராவது ஏதாவது கேட்டால் அப்படியே சொல்லிவிடு.

அவர்கள் எழுதும் மெயில் எல்லாம் பழையபடி எனக்கே வரட்டும். நான் படித்துச் சுருக்கி உனக்கு அனுப்பிவிடுகிறேன். உனக்குப் பயிற்சி செய்யவே நேரம் போதாது.

தம்பி

*

பிப்ரவரி 2

தம்பி,

உனக்கு என்ன ஆயிற்று? 'மூன்றாம் மாடி' வேண்டாமாம். சின்ன வயதில் நாம் குடியிருந்த வீட்டை வைத்து நான் போட்ட உருப்படி அது. லிப்ட் பாதியில் நின்று முனகுவதும், மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிவதும், கீழ் வீட்டுக்காரர் "யாரு மோட்டார நிறுத்தலை?" என்று படி ஏறி வருவதும் எல்லாம் அதற்குள் இருக்கிறது. அதை விட்டால் நான் யார்? நாம் ஜோடியாக வாசித்த காலத்தில், தடித்த கம்பிகளில் கீழே ஓடும் உன் அடிக் கிடார் இல்லாமல் அது நிற்கவே நிற்காது என்று எல்லாரும் சொல்வார்கள். நின்றுவிட்டதே! அதைக் கேட்டுத்தானே கூப்பிடுகிறார்கள்?

பொறாமையா என்று கேட்க மாட்டேன். உனக்கு அது தெரியாது. பாவம், என்னை அனுப்பப் பயப்படுகிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

மெயில் விஷயத்தில் உன்னை ரொம்பத் தொந்தரவு செய்துவிட்டேன். கடை, வீடு, அம்மா, இதற்கு மேல் என் கடிதப் போக்குவரத்தும் எதற்கு? ஐந்து பேருக்கும் என் முகவரியையே கொடுத்துவிட்டேன். நூலகத்தை நடத்தும் அம்மாள் உடனே பதில் போட்டார். பேச ஆரம்பித்தால் அவரால் நிறுத்த முடியாது போலிருக்கிறது. எனக்குப் பிடித்துவிட்டது.

அக்கா

*

பிப்ரவரி 19

போனில் பேசினால் கத்துவேன். நான் கிடார் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருக்கிறேன், பக்கத்து வகுப்பில் குழந்தைகள் நடனம் பழகுகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

நூலகத்து அம்மாளிடமிருந்து நேற்று ஒரு மெயில். அவர் ஊரில் கிடார் படிக்கும் பிள்ளைகள் மாதக்கணக்கில் 'மூன்றாம் மாடி'யோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நடுவில், மெல்லிய கம்பியில் மெட்டு உச்சிக்கு ஏறும் இடத்தில், தடித்த கம்பியில் இன்னொரு வரி தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிறதாம். இடது கை கிடாரின் வயிற்றுக்குப் பக்கத்தில் இருக்கும்போது, அந்தக் கோடியில், கழுத்தின் தலைமாட்டில் எந்த விரலால் அழுத்துகிறீர்கள் என்று கேட்கிறார். சுருதியை ஏதாவது விசேஷமாக வைத்திருக்கிறீர்களா, பிள்ளைகளுக்கு வந்து ஒரு வகுப்பு எடுக்க முடியுமா என்றும் கேட்கிறார்.

எனக்கே விளங்கவில்லை. அந்த இடத்தில் நான் தடித்த கம்பியைத் தொடுவதே இல்லை. சுவரில் மோதி வந்த எதிரொலியை இவர்கள் கற்பனை செய்துகொள்கிறார்கள் என்று நினைத்தேன். என் விரதத்தை உடைத்து, அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் போட்டுக் கேட்டேன்.

அவ்வளவு அகலமான கையோடு எந்தத் தாயும் பிள்ளை பெறவில்லை. ஆனால் அந்தக் கட்டை விரலை எனக்குத் தெரியும். தாளத்தின் மூன்றாவது தட்டில் மயிரிழை அளவு பின்தங்கி விழும். இத்தனை வருஷம் அந்தத் தாமதத்தோடு சண்டை போட்டவள் நான். அது உன் விரல்.

அந்த அம்மாள் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். தன் முதல் மெயிலிலேயே அந்தக் கீழ் வரியைப் பற்றித்தான் பெரிதாகப் பாராட்டி எழுதினாராம். நீ எனக்குச் சுருக்கி அனுப்பியதில் அப்படி ஒரு வரியே இல்லை. அப்படியானால் உனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டே என்னை விசா வாங்க அனுப்பினாய், தனியாகத்தான் வாசிக்கிறேன் என்று சொல்லவைத்தாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் சாமர்த்தியம் உனக்கு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

என் காதாக உன்னை வைத்திருந்தேன். நானே கேட்காததை நீ கேட்டு, நீ சரி என்றால் சரி என்று விட்டுவிட்டேன். வேலியே பயிரை மேய்ந்துவிட்டு, விளைச்சல் அமோகம் என்று எனக்குத் தகவல் சொல்லியிருக்கிறது.

எத்தனை உருப்படியில் செய்திருக்கிறாய்? அதை மட்டும் எழுது.

*

மார்ச் 3

அக்கா,

எட்டில் ஆறு.

நீ அதை மட்டும் எழுதச் சொன்னாய். மற்றதையும் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானால் படித்துவிட்டுக் கிழி.

பதிவு முடிந்து நீ ரயில் ஏறிப் போன பிறகு, பஸ் பிரேக் சத்தம், நாற்காலி முனகல் இதெல்லாம் எடுத்துச் சுத்தம் செய்ய வீட்டில் உட்கார்ந்தேன். 'மூன்றாம் மாடி' ஓடியது. என் பழைய கிடார் அலமாரிக்கு மேலேயே இருந்தது. சும்மா கூட வாசித்துப் பார்த்தேன். யாருக்காகவும் இல்லை. கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நீ எங்கே மூச்சு விடுவாய், எங்கே அவசரப்படுவாய் என்று உன்னைவிட என் கட்டை விரலுக்குத் தெரியும். அதைப் பதிவு செய்தேன். உன்னுடையதோடு சேர்த்துப் போட்டுக் கேட்டேன். பிறகு அடுத்ததையும் எடுத்துக்கொண்டேன். இரண்டு உருப்படிகள் மட்டும் நாம் பிரிந்த பிறகு நீ போட்டவை. அவற்றில் நுழைய எனக்கு வழி தெரியவில்லை.

அம்மா சமையலறையிலிருந்து வந்து கதவருகே நின்று கேட்டாள். "ரெண்டு பேரும் மறுபடி சேந்துட்டீங்களா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ கேட்பாய் என்றுதான் நினைத்தேன். உன் முதல் ஆல்பம், இதையாவது கேட்காமல் இருப்பாயா? கேட்டுவிட்டுக் கூப்பிட்டுத் திட்டுவாய், நான் எடுத்துவிடுகிறேன் என்பேன், இல்லை இருக்கட்டும் என்பாய். அப்படி ஒரு பேச்சுக்காகத்தான் காத்திருந்தேன். ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் அதுதான் என்று நினைத்தேன். நீ கூப்பிட்டு, அம்மாவுக்கு மாத்திரை வாங்கினாயா என்று கேட்டாய். பிறகு அந்த அம்மாளின் மெயில் வந்தது. என் வரியைப் பாராட்டி வந்த ஒரே கடிதம் அது. அதை உனக்கு அனுப்ப என்னால் முடியவில்லை. மறைத்தேன். அதற்கு நியாயம் சொல்ல மாட்டேன்.

ஆனால் நீ மட்டும்தான் ஏமாந்தவளா? பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டே, ஆறிப் போவதற்குள் சொல்லி முடித்தாய். "நீ கடையப் பாரு. நான் தனியாப் போய்ப் பாக்குறேன்." நான் சிரித்துச் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அடுத்த மாதம் உன் புது போஸ்டர் வந்தது. நம் பழைய படத்தையே எடுத்து என்னை வெட்டிவிட்டிருந்தாய். உன் தோளில் என் நாலு விரல்கள் அப்படியே இருந்தன. அந்தப் போஸ்டரைக் கடைக் கண்ணாடியில் நானே ஒட்டினேன்.

தம்பி

*

மார்ச் 14

தம்பி,

அந்த விரல்களை நான் பார்க்கவில்லை. இப்போது போஸ்டரை எடுத்துப் பார்த்தேன். இருக்கின்றன. அதற்கு நான் வெட்கப்படுகிறேன், வருத்தப்படுகிறேன். இதைச் சொல்லாமல் மேலே எழுதக்கூடாது.

ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை. உன் முகத்துக்கு நேரே நான் உன்னை விட்டுப் போனேன். நீ எனக்குத் தெரியாமல் எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டாய். நான் கேட்பேன் என்று காத்திருந்ததாக எழுதுகிறாய். கேட்க மாட்டேன் என்று உலகத்திலேயே தெரிந்த ஒரே ஆள் நீதான். உனக்கு அந்தப் பேச்சு வேண்டியிருந்தால் போனை எடுத்துப் பேசியிருக்கலாம். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் நீ, சின்ன வயதிலிருந்தே.

ஐந்து பேருக்கும் உண்மையை எழுதினேன். ஆல்பத்தில் இரண்டு கிடார், எனக்கே தெரியாமல் நடந்தது, கச்சேரிக்கு வருவது ஒன்றுதான் என்று எழுதினேன். 'எனக்கே தெரியாமல்' என்பதை எழுதும்போது எவ்வளவு அசட்டுத்தனமாக இருந்தது தெரியுமா? தன் ஆல்பத்தில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று தெரியாத கலைஞியை நானாக இருந்தால் கூப்பிட மாட்டேன். தீயணைப்பு நிலையம் மரியாதையாக விலகிக்கொண்டது. ஒரு வீட்டுக்காரர் அவ்வளவு மரியாதையாக இல்லை. இன்னொருவர் பதிலே போடவில்லை. புத்தகக் கடை வரச் சொல்கிறது. நூலகத்து அம்மாள், "நீங்கள் உண்மையில் எதை வாசிக்கிறீர்களோ அதைப் பிள்ளைகள் கற்றுக்கொள்ளட்டும்" என்று எழுதினார். ஐந்து ஊர் இரண்டாகிவிட்டது.

அது போகட்டும். காலையில் நாற்காலியில் உட்கார்ந்து 'மூன்றாம் மாடி'யை எடுக்கிறேன். அந்த இடம் வந்ததும் கை தயங்குகிறது. முன்பு அங்கே ஒன்றும் இல்லை என்றுகூட எனக்குத் தெரியாது. இப்போது ஒரு பள்ளம் தெரிகிறது. கடல் தாண்டி அவர்களுக்குப் பிடித்தது யாருடைய கிடார்? நான் தனியாக நின்று வாசிக்கத் தகுந்தவளா இல்லையா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியத்தான் இத்தனை வருஷம் உழைத்தேன். பதில் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அதை நீ எழுதி என் கையெழுத்தைப் போட்டிருக்கிறாய்.

அம்மாவிடம் நீயே சொல். நான் சொல்ல மாட்டேன்.

அக்கா

*

மார்ச் 28

அக்கா,

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னைத் திட்டவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் படி. நானும் வருகிறேன். கடையைச் சில வாரம் பூட்டிவைத்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட் இருக்கிறது. விலகிப் போனவர்களுக்கு இரண்டு பேரும் வருகிறோம் என்று எழுதினால் திரும்ப வருவார்கள். அவர்கள் கேட்டது எதுவோ அது அவர்களுக்குக் கிடைக்கும். போஸ்டரில் என் பெயர் வேண்டாம். அறிமுகம் செய்யவும் வேண்டாம். உனக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஒரு நாற்காலி போட்டால் போதும். மூன்றாவது தட்டு இப்போது சரியாக விழுகிறது. தினமும் கடை திறப்பதற்கு முன் பழகுகிறேன்.

அது வேண்டாம் என்றால் இன்னொரு வழி. நீ வாசித்தது மட்டும் தனியாக என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என்னை எடுத்துவிட்டு அதைப் போட்டுவிடலாம். ஒரு வார்த்தை எழுது, அன்றைக்கே செய்கிறேன்.

பதில் வராவிட்டாலும் புரிந்துகொள்வேன். நகத்தைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

ஏப்ரல் 23

தம்பி,

நீ புறப்பட்டு வந்துவிடுவாயோ என்று விமானம் ஏறும் வரைக்கும் பயந்தேன். வராததற்கு நன்றி. பதில் போடாமல் வந்ததற்கு இப்போது மொத்தமாக எழுதுகிறேன்.

நூலகத்து அம்மாளின் வீட்டில், துணி காயப்போடும் அறையில் எனக்குக் கட்டில். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கின்றன. நாளைக்குக் கிளம்புகிறேன்.

புத்தகக் கடையில் முதலில் வாசித்தேன். தொடங்கும்முன் ஆல்பத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சொன்னதும் கூட்டம் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு நான் எதை வாசித்தாலும் அவர்கள் அதைக் கேட்கவில்லை, அதில் எது இல்லை என்பதைத்தான் கேட்டார்கள். கைதட்டினார்கள். அந்த மாதிரிக் கைதட்டலைப் பல் மருத்துவர்களிடமே வாங்கியிருக்கிறேன்.

நூலகத்தில் வேறு மாதிரி. அந்தப் பிள்ளைகள் முன் வரிசையில் உட்கார்ந்து என் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாம் பிரிந்த பிறகு நான் போட்ட அந்த இரண்டு உருப்படிகளை, நீ நுழையாத இரண்டை, முதலில் வாசித்தேன். முடிந்ததும் அந்தப் பிள்ளைகளில் ஒரு பெண், இரண்டாவதை இன்னொரு தடவை வாசிப்பீர்களா என்று கேட்டாள். வாசித்தேன். தம்பி, என் கேள்விக்குப் பதில் அங்கே கிடைத்தது. சின்னப் பதில்தான், ஒரு ஊர் அளவு, இரண்டு உருப்படி அளவு. ஆனால் அதில் வேறு யார் கையும் இல்லை.

கடைசியில் 'மூன்றாம் மாடி'யையும் வாசித்தேன். அந்தப் பள்ளத்தை மூடப் பார்க்கவில்லை. இருக்கட்டும் என்று அதன் ஓரமாகவே நடந்து போனேன். முடிந்ததும் அதே பெண் பக்கத்தில் வந்து, மிகவும் பணிவாக, "அந்தக் கீழ் வரியை வாசிக்கிறவர் வரவில்லையா?" என்றாள். இல்லை என்றேன். உடம்பு சரியில்லையா என்றாள். நன்றாகத்தான் இருக்கிறான் என்றேன்.

இன்று காலை நான் ரொட்டியும் டீயுமாக உட்கார்ந்திருந்தபோது, அந்த அம்மாள் ஏதோ உபசாரம் செய்வதாக நினைத்து ஆல்பத்தைப் போட்டுவிட்டார். எழுந்து போக முடியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார். முதலிலிருந்து கடைசி வரைக்கும், நம் ஆல்பத்தை நான் முழுதாகக் கேட்டேன். 'நம்' என்று எழுதிவிட்டேன். அடிக்கவில்லை, இருக்கட்டும்.

உன் இரண்டு யோசனைகளுக்கும் பதில். நீ பின்னால் நாற்காலி போட்டு உட்கார வேண்டாம். உன்னை எடுத்துவிட்டு என்னை மட்டும் போடவும் வேண்டாம். ஆல்பம் அப்படியே இருக்கட்டும், இரண்டு பேர் பெயரையும் போடு, ஒரே அளவு எழுத்தில். படத்தையும் முழுதாகப் போடு. அதற்குப் பிறகு உன் பின் அறைக்கு வாசிக்க நான் வர மாட்டேன். அம்மாவைப் பார்க்க வருவேன், உன்னோடு உட்கார்ந்து சாப்பிடுவேன், கடையில் புதுக் கண்ணாடி போட்டுக்கொள்வேன். கிடாரோடு வர மாட்டேன். அடுத்த பதிவை வேறு யாரிடமாவது செய்துகொண்டு, பிடிக்காவிட்டாலும் உட்கார்ந்து ஒவ்வொரு நிமிஷமும் நானே கேட்கப் போகிறேன். அந்த வழக்கத்தை நீ மாற்றிவிட்டாய்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை எழுதலாமா வேண்டாமா என்று டீ ஆறும் வரைக்கும் யோசித்தேன். காலையில் கேட்டபோது, 'மூன்றாம் மாடி'யில் அந்த உச்சி வரும் இடத்தில், உன் விரல் வழக்கம்போல் மயிரிழை தாமதித்துத்தான் விழுந்தது. இத்தனை வருஷம் தப்பு என்று நான் திட்டிய அந்தத் தாமதம் அங்கே இருக்கத்தான் வேண்டும். அது இல்லாவிட்டால் லிப்ட் நிற்காது, தொட்டி வழியாது. ரொம்ப நன்றாக இருந்தது, தம்பி. மோசமாக இருந்திருந்தால் போன மாதமே உன்னை மன்னித்திருப்பேன்.

அக்கா